கண்ணாடியில் ஒட்டிய சீட்டு: செட்டான்டா இன்சூரன்ஸ் விழுந்த கதை

அயர்லாந்தில் ஓடும் எந்தக் காரின் முன்கண்ணாடியைப் பார்த்தாலும் மூலையில் சின்னச் சின்னக் காகிதச் சீட்டுகள் ஒட்டியிருக்கும். ஒன்று சாலை வரிக்கு, ஒன்று இன்சூரன்ஸுக்கு. வண்டி பழையது என்றால் தகுதிச் சோதனைக்கும் ஒன்று. அங்கே அவற்றை 'டிஸ்க்' என்பார்கள். இன்சூரன்ஸ் டிஸ்க்கில் வண்டி எண், பாலிசி முடியும் தேதி, நிறுவனத்தின் பெயர் எல்லாம் இருக்கும். போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினால் அங்கேயும் பார்ப்பார்.

2014 ஏப்ரல் மாதம் அப்படி ஒட்டியிருந்தவற்றில் சுமார் 75,000 டிஸ்க்குகளில் செட்டான்டா என்ற பெயர் இருந்தது. தேதி தாண்டவில்லை, மை அழியவில்லை, பிரீமியமும் முழுசாகக் கட்டியாகிவிட்டது. நிறுவனம்தான் இல்லாமல் போய்விட்டது.

முதல் கார் வாங்கும் இளைஞர்கள் "எந்த இன்சூரன்ஸ் கம்பெனியை நம்பலாம்?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்குதான் நினைவுக்கு வருகிறது. ஏமாற்றுக்காரன் விற்ற போலிப் பாலிசி என்றால் கதை சுலபம். இங்கே எல்லாம் சட்டப்படி நடந்தது. உரிமம் இருந்தது, புரோக்கர்கள் இருந்தார்கள், ரசீது இருந்தது. அதனால்தான் இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெயர் ஒரு ஊர், உரிமம் ஒரு ஊர்

செட்டான்டா என்பது அயர்லாந்தின் பழங்கதை வீரன் கூஹுலினுக்குச் சிறுவயதில் இருந்த பெயர். அந்நாட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே கேட்டு வளர்ந்த பெயர். அதை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர்ப்பலகையில் பார்க்கிறவர், இது நம்ம ஊர் கம்பெனி என்று நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அது பதிவானது மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டாவில். உரிமம் கொடுத்ததும் மால்டா, கையிருப்பில் போதுமான பணம் இருக்கிறதா என்று கணக்குப் பார்க்க வேண்டியதும் மால்டாவின் நிதிச் சேவை ஆணையம். அது பாலிசி விற்றதோ அயர்லாந்தில் மட்டும்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு இடமுண்டு. ஒரு உறுப்பு நாட்டில் உரிமம் வாங்கிய காப்பீட்டு நிறுவனம் மற்ற உறுப்பு நாடுகளிலும் விற்கலாம். நிறுவனத்தின் நிதிநிலையைக் கண்காணிப்பது உரிமம் கொடுத்த நாட்டின் வேலை. விற்கும் இடத்தில் வாடிக்கையாளரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்ப்பது அந்த இடத்து அதிகாரிகளின் வேலை. அயர்லாந்தின் மத்திய வங்கி அதன் நடத்தையைப் பார்க்கலாம், கல்லாப்பெட்டியைத் திறந்து எண்ண முடியாது.

இந்த ஏற்பாட்டையே குறை சொல்லிவிட முடியாது. இதே வழியில் வந்து இன்றும் ஒழுங்காகக் கிளெய்ம் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் மால்டாவில் இருப்பவர் தன் தெருவில் ஒரு வண்டிகூட ஓடாத பாலிசிகளைக் கண்காணிக்கிறார், டப்ளினில் இருப்பவர் தன் தெருவில் ஓடும் வண்டிகளின் பாலிசிக்குப் பின்னால் இருக்கும் பணத்தைப் பார்க்க முடியாமல் இருக்கிறார் என்றால், அந்த இடைவெளியில் என்ன விழும் என்று கேட்டிருக்க வேண்டும். விலையை ஒப்பிட்டு வாங்கியவர் யாரும் அதைக் கேட்கவில்லை. அவர்களுக்காகக் கேட்டிருக்க வேண்டியவர் நடுவில் கமிஷன் வாங்கிய புரோக்கர் என்பது என் அபிப்பிராயம்.

முப்பது நாள்

2014 ஏப்ரல் 30 அன்று செட்டான்டாவைக் கலைக்கும் பொறுப்பில் ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டார். மே 29 நள்ளிரவோடு எல்லாப் பாலிசிகளும் முடிகின்றன என்று அறிவிப்பு வந்தது. அதற்குள் வேறு இடத்தில் பாலிசி எடுத்துக்கொள்ள வேண்டியது அவரவர் பாடு.

ஏற்கெனவே கட்டிய பிரீமியத்தில் மீதமிருக்கும் மாதங்களுக்கான பணம்? அயர்லாந்தில் இப்படி விழும் நிறுவனங்களுக்காக 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு காப்பீட்டு இழப்பீட்டு நிதி இருக்கிறது. அது கிளெய்முக்கு மட்டும்தான், பிரீமியத்தைத் திருப்பித் தர அதில் வழி இல்லை. ஆக, ஒரே வருடத்துக்கு இரண்டு முறை கட்ட வேண்டிய நிலை. வருடக்கணக்கில் விபத்தில்லாமல் ஓட்டிய நாற்பது வயதுக்காரருக்கு இது எரிச்சல். போன மாதம் உரிமம் வாங்கிய பையனுக்கு, அவன் வயதுக்குக் கேட்கும் பிரீமியத்தில், இது ஒரு பெரிய அடி.

கட்டாமல் ஓட்டினால்? இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியது நிரூபணமானால் அபராதம் 5,000 யூரோ வரை போகலாம், கூடவே 5 அபராதப் புள்ளிகள். வண்டியையே போலீஸ் எடுத்துப் போகலாம். அதே 2014இல் ஆகஸ்ட் 1 முதல் புதிதாக முழு உரிமம் வாங்கியவர்கள் இரண்டு ஆண்டுக்கு 'என்' என்று எழுதிய பலகையைக் காரில் மாட்ட வேண்டும் என்ற விதியும் வந்தது. மற்றவர்களுக்கு 12 புள்ளியில் பறிபோகும் உரிமம் புதியவர்களுக்கு 7 புள்ளியிலேயே ஆறு மாதத்துக்குப் போய்விடும். இப்படிக் கண்ணாடியில் மங்காத டிஸ்க்கை நம்பி வண்டி எடுக்கும் புதியவனுக்கு ஏழில் ஐந்து ஒரே வழக்கில் வந்துவிடும்.

அடிபட்டவர் எங்கே போவார்

இதுவரை சொன்னது சில்லறைத் தொல்லை. உண்மையான சிக்கல் ஏற்கெனவே நடந்து முடிந்த விபத்துகளில் இருந்தது.

மோட்டார் இன்சூரன்ஸ் ஒரு விசித்திரமான வியாபாரம். பணம் இன்று வந்துவிடும், செலவு எப்போது வரும் என்று தெரியாது. பம்பர் நசுங்கினால் இரண்டு வாரத்தில் கணக்கு முடியும். ஒருவருக்கு முதுகெலும்பில் அடிபட்டால் சிகிச்சை, மதிப்பீடு, வழக்கு என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அந்தக் கிளெய்ம்களுக்காக நிறுவனம் ஒதுக்கி வைத்திருக்கும் தொகை உண்மையில் ஒரு ஊகம்தான். ஊகத்தைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் லாபம் காட்டலாம். லாபம் காட்டினால் இன்னும் குறைந்த விலைக்கு விற்கலாம். விலை குறைந்தால் கூட்டம் வரும், புதுப் பிரீமியத்தில் பழைய கிளெய்மைக் கட்டலாம். கூட்டம் நிற்கும் அன்று கணக்கு வெளியே வரும். சந்தையிலேயே மிக மலிவான விலையைப் பார்த்தால், அதற்குப் பின்னால் திறமையான நிர்வாகம் இருக்கலாம், குறைத்துப் போட்ட ஊகமும் இருக்கலாம். வாங்குகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும்.

அயர்லாந்துக்கு இது புதிதும் இல்லை. மலிவு விலையில் ஏராளமான ஓட்டுநர்களைச் சேர்த்திருந்த பிஎம்பிஏ என்ற காப்பீட்டு நிறுவனம் 1983இல் நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் போனது. குவின் இன்சூரன்ஸ் 2010இல் போனது. குவினின் பள்ளத்தை நிரப்ப 2012இலிருந்து நாட்டிலுள்ள பொதுக் காப்பீட்டுப் பாலிசிகள் மேல் 2% வரி விழுந்தது. செட்டான்டாவுக்குப் பிறகு 2016இல் ஜிப்ரால்டரின் என்டர்பிரைஸ் இன்சூரன்ஸ் விழுந்தபோது அயர்லாந்தில் சுமார் 14,000 பேர் மாட்டிக்கொண்டார்கள்.

சரி, செட்டான்டா பாலிசி வைத்திருந்தவர் இடித்து ஒருவர் காயப்பட்டிருந்தால், பணம் எங்கிருந்து வரும்? இரண்டு பைகள் இருந்தன.

முதல் பை, மோட்டார் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் எம்ஐபிஐ என்ற அமைப்பு. இன்சூரன்ஸே இல்லாத வண்டி இடித்தாலும், இடித்துவிட்டு யாரென்றே தெரியாமல் ஓடிப்போனாலும், அடிபட்டவருக்குப் பணம் தருவது இது. இரண்டாவது பை, மேலே சொன்ன இழப்பீட்டு நிதி. அதற்கு ஓர் உச்சவரம்பு இருந்தது: கிளெய்மில் 65%, அல்லது 8,25,000 யூரோ, இரண்டில் எது குறைவோ அது.

எந்தப் பை திறக்க வேண்டும் என்று வழக்கு போட்டார்கள். வழக்கறிஞர்களின் சங்கமான சட்டச் சங்கம் ஒரு பக்கம், எம்ஐபிஐ மறுபக்கம். அரசுக்கும் எம்ஐபிஐக்கும் இருந்த 2009ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், ஓட்டுநர் மீது வந்த தீர்ப்புத் தொகை 28 நாளுக்குள் கட்டப்படாவிட்டால், அவரிடம் பாலிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எம்ஐபிஐ கட்டும் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. நிறுவனம் திவாலானதால் கட்டாமல் போவதும் இதில் அடங்குமா? அடங்கும் என்றது உயர் நீதிமன்றம், 2015இல். ஆமாம் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம், 2016இல். 2017 மே 25 அன்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அதைத் திருப்பிப் போட்டது: அடங்காது, இரண்டாவது பைதான்.

அதன் விளைவை மெதுவாகப் படியுங்கள். இன்சூரன்ஸ் எடுக்காமல் திமிராக ஓட்டியவன் உங்களை இடித்தால் இழப்பீடு முழுசாகக் கிடைக்கும். பணம் கட்டிப் பாலிசி எடுத்து டிஸ்க்கைக் கண்ணாடியில் ஒட்டி ஓட்டியவன் இடித்து, அவன் கம்பெனி விழுந்துவிட்டால் 65% மட்டும். மூன்று ஆண்டு காத்திருந்தவர்களுக்குக் கடைசியில் கிடைத்த பதில் இது.

மீதி 35%? அது இடித்தவர் தலையில்.

ஒரு கற்பனைக் கணக்கு

21 வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். 2013 நவம்பரில் ஒரு சந்திப்பில், ஈரச் சாலையில், முன்னால் நின்ற காரைக் கவனிக்காமல் இடிக்கிறான். அதிலிருந்த பெண்ணுக்குக் கழுத்தில் நாள்பட்ட வலி. அவன் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தான். இறங்கினான், பெயர் கொடுத்தான், பாலிசி எண் கொடுத்தான், கம்பெனிக்குத் தகவல் சொன்னான். அதோடு மறந்தும் போனான்.

தீர்ப்பு 60,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். நிதி தரும் 65% என்பது 39,000. மீதி 21,000 யூரோவுக்கு அந்தப் பெண் சட்டப்படி அவனைத் துரத்தலாம். காயம் மோசமாகி வாழ்நாள் பராமரிப்பு தேவைப்பட்டு, தீர்ப்பு 20 லட்சம் யூரோ என்றால் 65% கணக்கு 13 லட்சம் வரும், ஆனால் உச்சவரம்பு 8,25,000இல் நிறுத்திவிடும். அவன் பெயரில் நிற்பது 11,75,000 யூரோ. அவன் பாலிசியை வாங்கியபோது அடுத்த கம்பெனியைவிட எவ்வளவு மிச்சம் பிடித்திருப்பான்? சில நூறு யூரோ இருக்கலாம்.

இளம் ஓட்டுநர் இந்த இடத்தில்தான் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார். உரிமம் வாங்கிய முதல் மாதங்களில் விபத்து வாய்ப்பு எல்லோரையும்விட அதிகம். அதனால் பிரீமியம் அதிகம். பிரீமியம் அதிகம் என்பதால் விலை ஒன்றையே பார்த்து வாங்குகிறார். ஆக, பெரிய கிளெய்ம் வர அதிக வாய்ப்புள்ளவரே கிளெய்ம் கொடுக்குமா என்று தெரியாத இடத்துக்குப் போய்ச் சேருகிறார். வீடு, சேமிப்பு எதுவும் இல்லாதவன்மேல் வழக்குப் போட்டு என்ன பயன் என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. தீர்ப்புக் கடன் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

அரசும் கடைசியில் இந்த அபத்தத்தைப் பார்த்தது. 2018இல் வந்த காப்பீட்டுத் திருத்தச் சட்டம், மோட்டார் தேர்ட் பார்ட்டி கிளெய்ம்களுக்கு 65% வரம்பை எடுத்து 100% ஆக்கியது. செட்டான்டாவால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அது பொருந்தியது. 2013இல் கழுத்தில் அடிபட்டவர் முழுத்தொகை பற்றி நிம்மதியாக மூச்சுவிட 2018 ஆகியிருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: இந்த 100% அடுத்தவருக்கு நேர்ந்த சேதத்துக்கு. கம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் உங்கள் சொந்தக் காருக்கான கிளெய்ம் பாக்கி இருக்கும்போது கம்பெனி விழுந்தால் பழைய 65% கணக்குதான்.

பாலிசி வாங்கும் முன் எதைப் புரட்டிப் பார்ப்பது

முதலில், விற்கிறவர் யார், பொறுப்பேற்கிறவர் யார் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இளைஞர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யும் பல பெயர்கள் வெறும் விற்பனைப் பெயர்கள். கிளெய்மைக் கட்டப்போகும் நிறுவனம் வேறாக இருக்கும். அதன் பெயர் பாலிசிச் சான்றிதழில், பெரும்பாலும் கடைசிப் பத்தியில், பொடி எழுத்தில் இருக்கும். நட்சத்திர மதிப்பீடும் வாடிக்கையாளர் பாராட்டும் எல்லாம் முன்னால் நிற்கும் பெயருக்கு. அந்தப் பொடி எழுத்துப் பெயரை எடுத்து மத்திய வங்கியின் பதிவேட்டில் தேடினால் எந்த நாட்டில் உரிமம் பெற்றது என்பது வந்துவிடும். பத்து நிமிட வேலை. வெளிநாட்டு உரிமம் என்றால் உடனே ஓட வேண்டாம். தாய்நாட்டிலும் கணிசமாக வியாபாரம் செய்கிறதா, அல்லது செட்டான்டா மாதிரி உரிமம் ஓரிடத்திலும் வாடிக்கையாளர் முழுக்க வேறிடத்திலுமா என்று பாருங்கள். இரண்டாவது வகையில் நான் கூடுதலாகச் சந்தேகப்படுவேன்.

அடுத்தது 2014இல் இல்லாத வசதி. 2016 ஜனவரி 1 முதல் ஐரோப்பாவில் சால்வென்சி 2 என்ற விதிமுறை அமலில் இருக்கிறது. அதன் கீழ் வரும் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் தன் நிதிநிலை அறிக்கையைப் பொதுவில் வைக்க வேண்டும். நூறு பக்கம் இருக்கும், படிக்கத் தூக்கம் வரும். இரண்டு இடத்தை மட்டும் பாருங்கள். ஒன்று, இருக்க வேண்டிய மூலதனத்தோடு ஒப்பிட்டால் கையில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற எண். 100% என்பது சட்டம் வைத்த கோடு. மூன்று ஆண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஏறுகிறதா, இறங்கிக் கோட்டைத் தொடப்போகிறதா என்று தெரியும். இரண்டாவது, பழைய ஆண்டுகளின் கிளெய்ம்கள் ஒதுக்கிய தொகைக்குள் முடிந்தனவா என்ற பகுதி. திரும்பத் திரும்பக் கூடுதல் பணம் போட வேண்டி வந்திருந்தால், நான் மேலே சொன்ன ஊகம் குறைத்துப் போடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் 19 வயதில் யார் செய்வார்கள் என்று கேட்கலாம். புரோக்கர் செய்ய வேண்டும். அவரிடம் கேட்க ஒரே கேள்வி போதும்: "இந்தக் கம்பெனி விழுந்தால் எனக்கு எவ்வளவு வரும், யார் தருவார்கள்?" பதில் எண்ணோடு வந்தால் அவருக்கு விஷயம் தெரியும். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது தம்பி" என்ற மாதிரி வந்தால் இடத்தைக் காலி செய்யுங்கள்.

விலையைக் குறைக்க வழியே இல்லையா? உண்டு. வீட்டில் பெரியவர் பாலிசியில் கூடுதல் ஓட்டுநராகப் பெயர் சேர்த்து உண்மையிலேயே சில காலம் ஓட்டலாம். சின்ன இன்ஜின் வண்டி வாங்கலாம். வேகத்தையும் பிரேக்கையும் பதிவு செய்யும் கருவியை மாட்டச் சம்மதிக்கலாம், இரவில் ஊர் சுற்றாதவருக்கு அது லாபம். செய்யக்கூடாதது, தினமும் தான் ஓட்டும் காரை அப்பா ஓட்டுவதாக எழுதிக்கொடுப்பது. கம்பெனி எவ்வளவு வலுவானது என்றாலும் அந்தப் பொய் கிளெய்ம் நேரத்தில் கதவைச் சாத்த அதன் கையில் சாவியைக் கொடுக்கும். ஆண் என்பதால் கூடுதலாகக் கேட்கிறார்களோ என்ற பழைய சந்தேகத்துக்கு இப்போது இடமில்லை. ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பால், 2012 டிசம்பர் 21 முதல் ஒன்றியத்தில் பாலினத்தை வைத்துப் பிரீமியம் போட முடியாது.

எந்தக் கம்பெனியும் எடுக்க மறுக்கிறது, அதனால்தான் அறிமுகமில்லாத இடத்துக்குப் போனேன் என்பவர்களும் இருக்கிறார்கள். அயர்லாந்தில் அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. மூன்று நிறுவனங்கள் மறுத்த கடிதங்களோடு காப்பீட்டு நிறுவனங்களின் சங்கத்தை அணுகினால், முதலில் கேட்ட நிறுவனம் ஒரு விலை சொல்லியாக வேண்டும். விலை நெஞ்சை அடைக்கலாம். ஆனால் கண்ணாடியில் ஒட்டும் டிஸ்க்கில் யார் பெயர் இருக்கிறது என்று தெரியும்.

செட்டான்டா கிளெய்ம்களுக்கான பணம் கடைசியில் வந்தது மற்ற நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் கட்டிய அந்த 2% வரி சேர்ந்த நிதியிலிருந்து. 2014இல் கொஞ்சம் கூடக் கொடுத்து வேறு இடத்தில் பாலிசி எடுத்த பையனின் ரசீதிலும், பிரீமியத்தோடு சேர்ந்து, அது இருந்தது.